கலைச்சொல் தேவை: ஐரிஷ் காப்பியின் மேல் நிற்கும் க்ரீமின் பதம்

காட்பாடி:

அனைவருக்கும் வணக்கம். கேட்டரிங் மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டில் பானங்கள் பகுதி முடியப்போகிறது. விஸ்கி கலந்த சூடான காப்பியின் மேல் க்ரீமை மிதக்கவிடும் ஐரிஷ் காப்பிப் பக்கம் மட்டும் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. க்ரீமை முழுக்க அடிக்காமல், ஊற்றினால் விழுகிற கெட்டியில் நிறுத்துகிறோமே, அந்த நிலைக்குப் பெயர் வேண்டும். ‘லேசாக அடித்த க்ரீம்’ என்று போட்டிருக்கிறேன். பையன்கள் அதைப் படித்துவிட்டு நாலு தட்டுத் தட்டி ஊற்றுகிறார்கள். க்ரீம் நேரே அடிக்குப் போய், பால் காப்பி கிடைக்கிறது.

எடுத்துக்கொண்ட அளவு: சூடான கறுப்புக் காப்பி 120 மில்லி, விஸ்கி 50 மில்லி, குளிர்ந்த க்ரீம் 50 மில்லி, நாட்டுச் சர்க்கரை 2 டீஸ்பூன். ஐ.பி.ஏ. (சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம்) பட்டியலில் சர்க்கரை ஒரு டீஸ்பூன்தான், கற்றுக்கொள்பவர்களுக்காகக் கூட்டியிருக்கிறேன். என் பரிந்துரை ‘அரைநுரை’. தாக்குங்கள்.

ஆற்காடு:

> என் பரிந்துரை ‘அரைநுரை’

நுரை என்றதும் மாணவன் கண்ணுக்குக் குமிழி தெரிய வேண்டும் என்று தேடுவான். இங்கே குமிழி தெரியவே கூடாது. கண்ணுக்குத் தெரிகிற குமிழி இருந்தால் சூட்டில் வெடித்து மேல்பரப்பு அம்மைத்தழும்பு போட்டுவிடும். காற்று நுணுக்கமாக உள்ளே ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் காற்று ஏன் வேண்டும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். 80 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி மில்லிக்கு 0.972 கிராம். விஸ்கி அதைவிட லேசு, 0.95 பக்கம். இரண்டும் சேர்ந்தால் 0.96, 0.97க்குள் வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த க்ரீமோ ஏறத்தாழ 1. ஆகவே அடிக்காத க்ரீம் மூழ்குவதுதான் இயற்கை. கை நடுங்கியதால் மூழ்கியது என்று பையனைத் திட்டிப் பயனில்லை. 2 டீஸ்பூன் சர்க்கரை கரைந்தால் கீழே அடர்த்தி 0.02 அளவுக்கு ஏறும். அது மட்டும் போதாது. 60 மில்லி க்ரீமை அடித்து 75 மில்லி ஆக்கினால் அடர்த்தி 0.8க்கு இறங்கிவிடும். பிறகு நீங்கள் அமுக்கினாலும் அது மேலேதான் வரும்.

சர்க்கரையே வேண்டாம் என்பவருக்கும் போடலாம். க்ரீமை இன்னும் கொஞ்சம் கெட்டியாக அடிக்க வேண்டியிருக்கும்.

வாணியம்பாடி:

கெட்டியாக என்று சொல்லி விட்டுவிடாதீர்கள் அண்ணா. ஓட்டலில் அதிகம் நடக்கிற தப்பு அதுதான். கேக்குக்கு அடிக்கிற மாதிரி அடித்து ஒரு உருண்டையை மேலே வைத்துவிடுவார்கள். குடிப்பவர் உதட்டில் க்ரீம் மட்டும் ஒட்டும், காப்பி வராது. கடைசியில் ஸ்பூன் கேட்பார், கலக்குவார், எல்லாம் போச்சு. சூடான கசப்பு, குளிர்ந்த க்ரீமுக்கு அடியிலிருந்து வர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடு.

இன்னும் இரண்டு சுற்று அடித்தால் மணல்மணலாகத் திரியும். அதற்கப்புறம் வெண்ணெய். திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் உங்கள் சொல் கீழ்வரம்பை மட்டும் காட்டினால் போதாது, மேல்வரம்பையும் காட்ட வேண்டும். ‘அரைநுரை’ இரண்டையும் காட்டவில்லை.

குடியாத்தம்:

இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். சமையலில் ‘பதம்’ இருக்கும்போது ‘நிலை’ எதற்கு? பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்கிறோம். அந்தப் பெயர்களின் சிறப்பு, சோதிக்கும் முறையே பெயராக இருப்பது. விரலில் எடுத்து இழுத்தால் கம்பி வரும், கம்பிப் பதம். க்ரீமுக்கும் அப்படியே வைப்போம். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் அறுபடாமல் ஒழுகும். ஆக, ‘ஒழுகுபதம்’.

க்ரீம் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பால் காய்ச்சி எடுத்த ஆடை இதற்கு ஆகாது. அது வெந்து படிந்தது, அடித்தால் திப்பிதிப்பியாகும். அட்டையில் 25% கொழுப்பு என்று போட்டிருக்கும் பாக்கெட் க்ரீம் கெட்டிப்படும், ஆனால் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். 30, 35% உள்ளதுதான் சரி. கேக் கடைக்காரர்கள் வாங்கும் தாவர எண்ணெய் க்ரீம் எப்படி ஊற்றினாலும் மிதக்கும். ஆனால் ஏற்கெனவே தித்திப்பு, நாக்கில் மெழுகுபோல் படியும். எனக்கு அது ஒப்பாது.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு குறிப்பும் அவசியம். சித்திரை வைகாசியில் மேடைமேல் வைத்து அடித்தால் கொழுப்பு இளகி, காற்றைப் பிடிக்காது. கிண்ணத்தையும் பீட்டரையும் ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பீட்டர் இல்லாத வீட்டில் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் பாதிக்கும் குறைவாக ஊற்றிக் குலுக்கலாம். சலசல சத்தம் மந்தமானதும் நிறுத்திவிட வேண்டும். மத்து வேண்டாம். மத்து வெண்ணெய் எடுக்கப் பிறந்தது, அதன் வேலையை அது செய்துவிடும்.

ஆற்காடு:

பதம் என்பதை ஏற்கிறேன் அக்கா. ‘ஒழுகு’தான் இடிக்கிறது. கூரை ஒழுகுகிறது, மூக்கு ஒழுகுகிறது. குடிக்கிற பண்டத்துக்கு அந்தச் சொல்லா? தவிர, அடிக்காத க்ரீமும் ஒழுகத்தான் செய்யும். வாணியம்பாடி கேட்ட கீழ்வரம்பு இதில் இல்லை.

வாணியம்பாடி:

நாங்கள் பார்க்கிற அடையாளம் இது: ஸ்பூனைச் சாய்த்தால் க்ரீம் நாடாவாக இறங்கி, கிண்ணத்தில் இருக்கிற க்ரீமின் மேல் மடிப்பு மடிப்பாக விழும். ஓரிரு நொடி அந்த மடிப்பு தெரியும், அப்புறம் சமமாகிவிடும். மடிப்பே விழவில்லையென்றால் இன்னும் அடி. மறையாமல் அப்படியே நின்றால் தாண்டிவிட்டாய், ஒரு ஸ்பூன் அடிக்காத க்ரீம் விட்டுக் கிளறு.

குடியாத்தம்:

அப்படியானால் ‘மடிப்புப் பதம்’. புடவை கட்டத் தெரிந்த ஊரில் மடிப்பை யாருக்கும் விளக்க வேண்டாம். ‘மடிபதம்’ என்று சுருக்காதீர்கள், மடிந்துபோனது போலாகிவிடும். அடுத்த நிலைகளுக்கும் இதே வரிசையில் பெயர் வைக்கலாம்: பீட்டரைத் தூக்கினால் நுனி வளைந்தால் கொக்கிப் பதம், நட்டுக்குத்தலாக நின்றால் நிமிர்பதம்.

காட்பாடி:

மடிப்புப் பதம் பிடித்திருக்கிறது. மேலே நிற்கும் அந்த அடுக்குக்கும் பெயர் வேண்டுமா? ‘ஏடு’ என்று யோசித்தேன். பால் ஏடு, தயிர் ஏடு இருக்கிறதே. ஆனால் ‘ஏட்டுக் காப்பி’ என்று எழுதினால் ஸ்டேஷன் ஏட்டுக்கு வாங்கிப் போகிற காப்பி ஆகிவிடும். ‘மேலாடை’ சொல்லவே வேண்டாம்.

ஆற்காடு:

‘க்ரீம் அடுக்கு’ போதும். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் வேண்டுமா என்ன? செயலுக்கும் ‘மிதக்கவிடு’ இருக்கிறது. காக்டெயிலுக்கு மட்டும் ‘கலப்பு மது’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். கலப்படச் சாராயம்தான் நினைவுக்கு வரும். மதுக்கலவை என்றால் சரி.

காட்பாடி:

திருத்திய வரைவு கீழே. பாருங்கள்.

“மடிப்புப் பதம்: அடித்த க்ரீமை ஸ்பூனிலிருந்து சாய்த்தால் மடிப்பாக விழுந்து, ஓரிரு நொடியில் மறையும் பதம்.

சிக்கரி கலக்காத தூள் 25 கிராமை ஃபில்டரில் போட்டு, கொதிநீர் 150 மில்லி ஊற்றினால் சுமார் 100 மில்லி டிகாக்‌ஷன் இறங்கும். அதில் 50 மில்லி எடுத்து வெந்நீர் 70 மில்லி சேர்க்கவும். 240 மில்லிக்குக் குறையாத கண்ணாடித் தம்ளரில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் சூடேற்றிக் கொட்டவும். சர்க்கரையைப் போட்டுக் காப்பியை ஊற்றி முழுக்கக் கரைக்கவும். பிறகு விஸ்கியை ஊற்றிக் கலக்கவும். மடிப்புப் பதத்தில் இருக்கும் குளிர்ந்த க்ரீமை, கவிழ்த்துப் பிடித்த ஸ்பூனின் முதுகில் மெல்ல ஊற்றி மிதக்கவிடவும்.”

வாணியம்பாடி:

மூன்று திருத்தம். ‘விஸ்கியை ஊற்றிக் கலக்கவும்’ என்பதற்கு அடுத்து ‘சுழற்சி நிற்கும்வரை பொறுக்கவும்’ என்று சேருங்கள். சுற்றிக்கொண்டிருக்கிற காப்பி எவ்வளவு நல்ல க்ரீமையும் உள்ளே இழுத்துவிடும். ஸ்பூன் காப்பியின் மேல்பரப்பைத் தொட்டபடி இருக்க வேண்டும், உயரத்திலிருந்து ஊற்றினால் துளைத்துக்கொண்டு போகும். விஸ்கியை அடுப்பில் சூடு காட்டக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், நம் கடைகளில் கிடைக்கும் விஸ்கியில் அது 42.8%. ஆவி கேஸ் சுடரில் பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

காட்பாடி:

மூன்றும் சேர்த்தாயிற்று. அச்சுக்கு அனுப்புகிறேன்.