எம்.எஸ். மெக்கானிக்கல்: 40 லட்சம் கடனில் அமெரிக்காவா, ஃபீஸ் இல்லாத ஜெர்மனியா?

கோவைமெக்:
வணக்கம்ங்க. பி.இ. மெக்கானிக்கல் கடைசி வருஷம். சி.ஜி.பி.ஏ. 8.0, அரியர் இல்லை, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7. அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அட்மிஷன் கிடைச்சிருக்கு. வீட்டுப் பத்திரத்தை வெச்சா 40 லட்சம் தர வங்கி தயார், வட்டி 11 சதவீதம். ஜெர்மனியில் ஃபீஸே கிடையாதுங்கறாங்க, ஆனா அங்கே இன்னும் அப்ளை பண்ணலை. ஜெர்மன் மொழி ஒரு வார்த்தை தெரியாது. எதைப் பிடிக்கறது?

ரைன்கரை:
தம்பி, "ஃபீஸே கிடையாது" என்பது முக்கால்வாசி உண்மை. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளியாட்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது, அதுவும் ஒவ்வொரு செமஸ்டருக்கும். ஹானோவர், பிரவுன்ஷ்வைக் மாதிரி இடங்களில் செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வழக்கமான படிப்புகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தனி அகாதமி வழியாக நடக்கும் ஆங்கிலவழிப் படிப்புகளுக்கு உண்டு. பெயர் ஒன்றுபோலவே இருக்கும், பார்த்து அப்ளை பண்ணுங்கள்.

மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்ற பவேரியன் சூத்திரம்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டவேண்டும். 8.0-க்கு, பாஸ் 5 என்றால் 2.2, பாஸ் 4 என்றால் 2.0. அங்கே 1 தான் உச்சம், எண் கூடினால் மதிப்பு குறையும். பல இடங்களில் 2.5-க்கு மேல் போனால் கதவு மூடிவிடும். ஆகவே மதிப்பெண் பட்டியலில் பாஸ் மார்க் எது என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அது இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் எழுதி வாங்கி வையுங்கள்.

நிறையப் பேர் அடிபடுவது மார்க்கில் அல்ல, பாடப் பொருத்தத்தில். மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், கணிதம் ஒவ்வொன்றிலும் இத்தனை ஐரோப்பிய கிரெடிட் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். நாலு வருஷப் படிப்புக்கு அவர்கள் கணக்கில் 240. நம் பி.இ. 160 கிரெடிட் என்றால், ஒன்றுக்கு ஒன்றரை. 4 கிரெடிட் தெர்மோ பேப்பர் 6 ஆகும். இதை அட்டவணையாகப் போட்டு, சிலபஸ் பக்கங்களையும் இணையுங்கள். கேட்ட 20-க்கு 16 மட்டும் தேறினால், 9 பாயிண்ட் எடுத்தவரையும் திருப்பி அனுப்புவார்கள்.

நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். முதல் வேலை அதுதான். அது கைக்கு வராமல் விசா இல்லை. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழி போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்ததற்கு 30. குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச், மே மாதத்திலேயே மூடும் படிப்புகள் ஏராளம்.

விசாவுக்கு, பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கி வைத்த கணக்கில் 11,904 யூரோ போடவேண்டும். அதிலிருந்து மாதம் 992 வெளியே வரும். யூரோ நூறு ரூபாய் என்றாலே 12 லட்சம் கிட்டே. இது ஃபீஸ் இல்லை, உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்தான். அனுப்பும்போது இடைநிலை வங்கி 20, 30 யூரோ பிடித்துக்கொண்டால் தொகை குறைந்து, உறுதிக் கடிதம் வராமல் நிற்கும். நூறு யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள். விசா மறுத்தால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியை 2025 ஜூலையோடு எடுத்துவிட்டார்கள். இனிப் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், இல்லையேல் பெர்லின் கோர்ட்.

எஃப்ஒன்_கணக்கு:
ஜெர்மனிக்காரர் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார், சம்பளத்தைத் தவிர. படித்து முடித்த உடனே கையில் நிற்கும் பணம் அமெரிக்காவில்தான் அதிகம். ஆனால் வேலை கிடைத்தால்தான்.

முதலில், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் சி.ஐ.பி. கோடு, அதாவது படிப்பின் வகை எண், பாருங்கள். 14.1901 என்றால் மெக்கானிக்கல், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கிறது. படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க விடும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம், ஸ்டெம் நீட்டிப்பு 24, மொத்தம் மூன்று வருஷம். நீட்டிப்புக்கு, வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை தளத்தில் பதிந்த கம்பெனி வேண்டும். ஓ.பி.டி.-யில் வேலையில்லாமல் 90 நாள் வரைதான் இருக்கலாம். நீட்டிப்பையும் சேர்த்து 150. ஓ.பி.டி.-க்குப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முதல் வாரத்திலேயே போடுங்கள். படிக்கும்போதே பார்க்கும் பயிற்சி வேலையான சி.பி.டி. முழுநேரமாக 12 மாதம் தொட்டுவிட்டால் அதே நிலைப் படிப்புக்கு ஓ.பி.டி. போச்சு.

மெக்கானிக்கலுக்கு என்றே ஒரு முட்டுக்கட்டை உண்டு: ராணுவம், ராக்கெட், விமான எஞ்சின் வேலைகளில் பெரும்பங்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வரும். பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோதான் உள்ளே போகமுடியும். கம்ப்யூட்டர் படிப்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு. உங்களுக்கு மிச்சம் கார், எச்.வி.ஏ.சி. (ஏ.சி., ஹீட்டர், காற்றோட்டம்), செமிகண்டக்டர் கருவி, மருத்துவக் கருவி.

பிறகு, குலுக்கலில் கிடைக்கும் எச்-1பி வேலை விசா: வருஷத்துக்கு 65,000, அமெரிக்க மாஸ்டர்ஸ்காரர்களுக்குக் கூடுதலாக 20,000. 2026 முதல் குலுக்கலில் சம்பள நிலைக்கு ஏற்ப வாய்ப்பு கூடும். புதிதாகப் படித்து வருபவர் பெரும்பாலும் கீழ் நிலையில்தான் இருப்பார், நாலாம் நிலைக்காரருக்குக் குலுக்கலில் நாலு துண்டுச்சீட்டு என்றால் முதல் நிலைக்கு ஒன்று. 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம், அங்கேயே எஃப்-1 மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறை பிற்பாடு விளக்கிவிட்டது.

கோவைமெக்:
ரொம்ப நன்றிங்க. ஜெர்மனி போய்ட்டு, பார்ட் டைம் வேலை பார்த்து மொழியும் அங்கேயே கத்துக்கலாமா?

ரைன்கரை:
வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லை 280 அரை நாள் வேலை பார்க்கலாம், 2024 மார்ச்சிலிருந்து இந்தக் கணக்கு. சம்பாத்தியம் சாப்பாட்டுக்கு ஆகும், ஊருக்கு அனுப்ப ஆகாது. மொழியை அங்கே போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார்கள். ஆனால் தொழிற்சாலையில் டிராயிங்கில் குறிப்பு, ஷாப் ஃப்ளோரில் பேச்சு எல்லாம் ஜெர்மன். மொழித் தேர்ச்சி ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும். பி1 இல்லாமல் இன்டர்ன்ஷிப்பே இழுக்கும், வேலைக்குப் பல இடத்தில் பி2 கேட்பார்கள். ஏ2 வரைக்குமாவது இங்கேயே முடியுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. ஒரு பேப்பருக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்து நீக்கம், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடரமுடியாது. நம்ம ஊர் அரியர் மாதிரி எட்டு தடவை எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பயந்தே பலர் பரீட்சையைத் தள்ளிப்போட்டு, நாலு செமஸ்டரை ஆறாக்குகிறார்கள். முடித்தபின் வேலை தேட 18 மாதம் உண்டு. படிப்புக்கேற்ற வேலையில் இரண்டு வருஷம் இருந்தால், மொழியும் இருந்தால், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் பிறந்தவர் அமெரிக்க கிரீன் கார்டு வரிசையில் நிற்பதோடு இதை ஒப்பிடவே முடியாது.

வட்டிக்கணக்கு:
நாட்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 40 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 36,667 ரூபாய். ஆரம்பத்தில் 20, ஒரு வருஷம் கழித்து 20 என்று எடுத்தால், இரண்டு வருஷப் படிப்பும் ஆறு மாத அவகாசமும் முடியும்போது சாதா வட்டியே 8.8 லட்சம் சேர்ந்திருக்கும். 48.8 லட்சத்துக்கு பத்து வருஷத் தவணை சுமார் 67,000. அமெரிக்கச் சம்பளத்தில் இது கஷ்டமே இல்லை. வேலை அமையாமல் கோவைக்குத் திரும்பி வந்தால், இங்கே புது மெக்கானிக்கல் எஞ்சினியரின் சம்பளத்தில் கட்டவே முடியாது. அப்பாவின் வருமானத்தில் இந்த 67,000-ஐ இரண்டு வருஷம் தாங்கமுடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். முடியாது என்றால் ஜெர்மனிதான், யோசிக்கவே வேண்டாம். முடியும் என்றால், மொழி படிக்க மனசிருக்கிறதா இல்லையா என்பதுதான் மிச்சக் கேள்வி.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கிராஜுவேட் ஆபீசுக்கு, அட்மிஷனை ஒரு வருஷம் தள்ளிவைக்க முடியுமா என்று மெயில் போடுங்கள். பல இடங்களில் விடுவார்கள். உதவித்தொகை ஏதும் தந்திருந்தால் அதுவும் தொடருமா என்று தனியாகக் கேளுங்கள். பதில் வரும்வரை, மாணவர் விசாவுக்கு முன் கட்டும் சேவிஸ் கட்டணம் 350 டாலரைக் கட்டிவிடாதீர்கள், அது திரும்பி வராது.