சேரின் சிப்பாய்ப் பெட்டிகளை என்ன செய்வது?

புளியந்தீவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிப்பாய்ப் பொம்மைகளை மேசையில் வைத்துப் போர் விளையாட்டு ஆட நமக்குப் பழக்கிய நம் சேர் இறந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருடம். ஆண்டுத் திவசத்துக்கு வீடு துப்புரவாக்கும்போது சேரின் மனைவி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதுகளை நீங்கள்தான் பார்க்க வேணும், எனக்கு எது எந்த நாட்டுப் படை என்றும் தெரியாது" என்று பதினொரு பெட்டிகளைத் தந்துவிட்டார். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்க்கிறேன். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு, பிரித்தானிய, பிரஷ்யப் படைகள் முழுதாக இருக்கின்றன. பெரும்பாலும் 1/72 அளவு (உண்மையான ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக். ஒரு ஆள் இரண்டரை சென்ரிமீற்றர்கூட வராது, ஆனால் சட்டைப் பொத்தான் வரைக்கும் பெயின்ற் அடித்திருக்கிறார். ஒவ்வொரு அணியின் அடியிலும் எந்த மாதம் முடித்தார் என்று பென்சிலால் குறிப்பு வேறு. அதை வாசிக்க வாசிக்க அடுத்த பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். ஆளுக்கொரு படையாகப் பிரித்து எடுப்போமா, ஒன்றாகவே வைப்போமா? ஒருவர் கண்ணாடி அலுமாரி செய்து வைக்கலாம் என்கிறார். அடுத்தது, பழைய உலோகச் சிப்பாய்கள் இருந்த காட்போட் பெட்டியில் வெள்ளையாக மா மாதிரி ஏதோ பூத்திருக்கிறது. அது என்ன? அப்புறம், சேர் நினைவாக ஒரு ஆட்டம் வைப்பதென்றால் எந்தச் சண்டையை வைப்பது?

கல்லடி எழுதியது:

முதலில் அந்த வெள்ளை மா. உடனே கையைக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம். பழைய உலோகச் சிப்பாய்களில் ஈயம் இருக்கும். மரப் பெட்டியிலிருந்தும் காட்போட்டிலிருந்தும் வரும் அமில ஆவி ஈரக் காற்றோடு சேர்ந்து ஈயத்தை அரிக்கிறது, அந்த அரிப்புத்தான் தூளாக வருகிறது. நம் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர், இங்கே அது இன்னும் விரைவாக நடக்கும். காய்ந்த பிரஷால் தட்டாதீர்கள், தூள் மூச்சில் போகும். முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய வைத்து வார்னிஷ் அடியுங்கள். இனி பிளாஸ்டிக் பெட்டிதான், காட்போட் வேண்டவே வேண்டாம். மற்றச் சிப்பாய்களோடு சேர்த்தும் வைக்காதீர்கள்.

ஸ்ப்ரே பிரைமர் (பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) எதுவும் மாரியில் அடிக்க வேண்டாம். ஈரத்தில் அடித்தால் மேலே வெண்மையாகப் படிந்துவிடும் என்று சேர் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார். கச்சான் என்ற காய்ந்த காற்று தொடங்கினால்தான் அவர் பிரைமர் தகரத்தையே வெளியே எடுப்பார். கடற்கரை மணலை நாலு தண்ணீரில் அலசாமல் அடித்தட்டில் ஒட்டவும் விடமாட்டார், உப்பு கக்கும் என்பார். தென்னந்தும்பை வெட்டிப் புல்லாக்கியதும் ஈர்க்கை வரிந்து வேலி கட்டியதும் அவர் கைதான்.

கண்ணாடி அலுமாரி எனக்குச் சரியாகப் படவில்லை. புதிதாக வந்த பொடியனுக்கு ஆகச் சிறந்த படையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டையில் வெட்டிய துண்டுகளை வைத்துக்கொண்டு ஆடிய மனிதன் அவர். பிரிக்கவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம். ஒரே இடத்தில் வைத்து, யார் கேட்டாலும் ஆடக் கொடுப்போம்.

கல்முனை எழுதியது:

ஆட்டம் என்றால் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ சண்டைதான் என்பேன், அதுவும் சேர் வைத்த முறையில். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி கொண்டுவந்த போர் விளையாட்டில் எல்லாம் நடுவர் கையில்தான், தளபதிகள் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். சேர் அதை அப்படியே எடுத்தார். ஒரு பக்கம் விறாந்தையில், மறு பக்கம் குசினியில், அவர் மட்டும் வீட்டுச் சாலையில் (ஹோலில்) ஆட்ட மேசையருகே. கட்டளைத் துண்டு கொண்டு ஓடுவது என் வேலை, அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு நாள் குசினியில் டீச்சர் தந்த முறுக்கைத் தின்றுவிட்டு நான் பிந்திப் போனேன். விறாந்தைப் பக்கம் கத்தத் தொடங்க, சேர் ஏசவில்லை. நெப்போலியன் தன் தளபதி குரூஷிக்கு மத்தியானம் ஒரு மணிக்கு எழுதிய கட்டளையே மாலையில்தான் போய்ச் சேர்ந்தது, அதற்குள் பிரஷ்யர் களத்தில் இறங்கிவிட்டார்கள், தூதன் பிந்தினால் படையும் பிந்தும் என்று சொல்லி, அந்த அணியை இரண்டு சுற்று நிற்க வைத்தார். வரலாற்றுப் புத்தகத்தில் எனக்கு ஏறாதது அந்த முறுக்கோடு ஏறிவிட்டது.

நோன்பு மாதத்தில் நானும் என் நானாவும் (அண்ணன்) போனால், ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பே டைஸைத் தூக்கி டப்பாவில் போட்டுவிடுவார். மேசையில் ஈத்தம்பழமும் தண்ணீரும் இருக்கும். கடைசி பஸ் போய்விடும் என்று எங்களுக்கு முன்னே அவர்தான் பதறுவார்.

அக்கரைப்பற்று எழுதியது:

எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சேரைப் பற்றி எனக்குப் பெரிதாக நிற்பது ஒன்றுதான். தான் உயிரோடிருந்த காலத்தில் நடந்த எந்தச் சண்டையையும் அவர் மேசைக்குக் கொண்டுவரவில்லை. ஒருமுறை நான் இந்தக் காலத்து இராணுவ வண்டி ஒன்றை ஒட்டிப் பெயின்ற் அடித்துப் பெருமையாகக் கொண்டுபோனேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேலை நல்லா இருக்கு என்றார். பிறகு பெட்டிக்குள் வைத்து மூடி என்னிடமே தந்தார். "இதில செத்ததுகளின்ர தாய்மார் இன்னும் இந்தத் தெருவில இருக்காங்க மனே." அவ்வளவுதான் சொன்னார். தேத்தண்ணீர் தந்தார். என் பெரியம்மாவும் அந்தத் தாய்மாரில் ஒருவர் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே வாட்டர்லூவை விட, அவர் கடைசியாகக் கட்டிக்கொண்டிருந்த நம் கோட்டையை வைப்போம் என்பது என் எண்ணம். 1638 மே மாதம் ஒல்லாந்தரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த சண்டை. ரெஜிபோமில் (வெள்ளை நுரை அட்டை) நாலு கொத்தளமும் வெட்டி முடித்திருந்தார், வாவிக்கு நீலம் அடித்த பலகையும் இருந்தது. கண்டிப் படைக்குத்தான் பெயின்ற் அடித்து முடியவில்லை. புளியந்தீவு, அந்தப் பெட்டி இருக்கிறதா?

புளியந்தீவு எழுதியது:

இருக்கிறது. பதினோராவது பெட்டி. கோட்டை நாலு துண்டாக, பழைய சாரத்தில் சுற்றி. கண்டிப் படையில் அறுபத்திரண்டு பேர் இன்னும் வெறும் சாம்பல் நிறத்தில் நிற்கிறார்கள், அடித்தட்டில் குறிப்பும் இல்லை.

திவசத்தன்று வேண்டாம், வீட்டில் சனமாக இருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமை வைப்போம். டீச்சரிடம் கேட்டேன், சாலை மேசையை ஒதுக்கித் தருகிறாராம், குசினியும் உங்களுக்குத்தான் என்றார். கல்முனை, தூதன் வேலைக்கு உங்கள் மகனைக் கூட்டி வாருங்கள். ஆளுக்குப் பத்துச் சிப்பாய் கொடுத்துவிடுகிறேன், முடித்த மாதத்தை அடியில் பென்சிலாலேயே எழுதுங்கள்.