ரோந்தா அருகே அசினிப்போ: மலைமேல் உள்ள ரோமானிய அரங்கத்துக்கு எப்படிப் போவது?

கேள்வி (பயணி_தென்றல்):
ஸ்பெயினில் ரோந்தாவில் இரண்டு இரவு தங்குகிறோம், ஜூன் கடைசியில். மலைமேல் இடிந்து கிடக்கும் பழைய ரோமானிய நகரமான அசினிப்போவுக்கு அரை நாள் ஒதுக்கலாமா? கூட வரும் அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. பேருந்து இருக்கிறதா? அரங்கத்தைத் தவிர என்ன பார்க்கலாம்?

கல்வெட்டான்:
பேருந்தை நம்ப வேண்டாம். வாடகைக் கார் நல்லது. டாக்சி என்றால் காத்திருந்து திருப்பிக் கூட்டி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள், மேலே வேறு வண்டி கிடைக்காது. ரோந்தாவிலிருந்து செவில் போகும் ஏ-374 சாலையில் வந்து, எம்.ஏ-7402 என்ற சின்னச் சாலையில் வலப்புறம் திரும்பவேண்டும். மொத்தம் சுமார் 20 கி.மீ., அரை மணி நேரம். சில பலகைகளில் "ரோந்தா லா வியெஹா" என்றிருக்கும். அதுவும் இதே இடம்தான்.

நுழைவு இலவசம். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், வாரத்தில் விடுமுறையும் உண்டு. முதல் நாளே ஆந்தலூசிய (ரோந்தா இருக்கும் மாநிலம்) அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை வெயில் தாழ்ந்து போகலாம் என்று நினைத்தால் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரலாம். காலையில் திறந்ததும் போய்விடுங்கள்.

மலைப்பாதை:
அப்பாவைப் பற்றி: வாசலில் இருந்து அரங்கம் வரை ஒரே ஏற்றம். சரிவு கடுமையில்லை, ஆனால் உருளும் கற்களும் புல்லுமான தரை. நிதானமாக நடந்தால் 20 நிமிடம் ஆகும். முழங்கால் வலிப்பது இறங்கும்போதுதான், எனவே ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளட்டும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஊர் இருந்த மேடு கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரம். மரநிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். தொப்பிக்குக் கயிறு இருக்கட்டும், மேலே காற்று பிடுங்கிவிடும்.

கல்வெட்டான்:
அரங்கத்தைப் பார்க்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. கீழிருந்து ஏறும்போது முதலில் தெரிவது மேடைச் சுவரின் முதுகுப்பக்கம். மூன்று வாசல்கள், நடுவில் உள்ளது பெரியது. நடிகர்கள் வந்துபோனவை அவைதாம். அந்தச் சுவர் இவ்வளவு உயரத்துக்கு இன்னும் நிற்பதுதான் இந்த இடத்தின் பெருமை, பல ரோமானிய அரங்கங்களில் முதலில் விழுந்தது மேடைச் சுவர்தான். பார்வையாளர் படிகளில் பெரும்பகுதியை மலைப்பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். அதனால் படிகளைத் தாங்க அடியில் வளைவுகள் கட்டும் செலவு மிச்சம். முதல் நூற்றாண்டு வேலை. படிகளுக்குப் பின்னால் செங்குத்துப் பள்ளம், விளிம்புக்குப் போகவேண்டாம்.

நாணயப்பித்தன்:
அரங்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே வட்ட வடிவக் குடிசை அடித்தளங்கள் இருக்கின்றன. அவை ரோமானியருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை, அப்பா மேலே ஏறாவிட்டாலும் இதைப் பார்க்கலாம். குளியல் கட்டடத்தின் தொட்டிகளும் உண்டு. வயலெங்கும் குவிந்து கிடக்கும் கற்கள் வீடுகளும் கட்டடங்களும் இருந்ததன் மிச்சம். நகரின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவே இல்லை. அதனால்தான் தரையில் கிடக்கும் ஓட்டுச்சில்லைக்கூட எடுக்கக்கூடாது. எந்த மண் அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அந்தச் சில்லுக்கு மதிப்பே இல்லை. அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் கொண்டுபோவது அங்கே சட்டப்படி குற்றம்.

இந்த ஊர் தன் பெயரிலேயே நாணயம் அடித்தது: ஒருபக்கம் திராட்சைக்குலை, மறுபக்கம் கோதுமைக் கதிர்கள். இன்றும் ரோந்தா வட்டாரத்தில் திராட்சைத் தோட்டங்களைப் பார்ப்பீர்கள்.

பயணி_தென்றல்:
நன்றி. மதியத்துக்குப் பிறகு அதே காரில் வேறு எங்காவது?

மலைப்பாதை:
செத்தெனில் (Setenil) என்ற ஊருக்குப் போங்கள், பக்கம்தான். பாறைக்கு அடியில் கட்டிய தெருக்கள், உச்சிவெயிலிலும் நிழல் இருக்கும், அங்கேயே சாப்பிடலாம். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். உள்ளே தெருக்கள் மிகக் குறுகல்.