நாவல் எழுத உட்கார்ந்தால் டைரிதான் நிரம்புகிறது

பாதிநாவல்:
மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று சொல்வதே கொஞ்சம் பொய், ஏழாவது அத்தியாயத்தில் நின்றுபோய் எட்டு மாதம் ஆகிறது. டைரி மட்டும் ஒருநாள் தவறுவதில்லை, இரண்டாவது நோட்டும் முடியப்போகிறது. இன்று ஏன் ஒரு வரிகூட வரவில்லை என்பதையே இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஏதோ எழுதிக் கிழித்த திருப்தியோடு படுத்துவிடுகிறேன். கை பழகட்டும் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது நாவலுக்குப் போக வேண்டிய தண்ணீரெல்லாம் இந்த வாய்க்காலிலேயே வடிந்துவிடுகிறதோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

ஒற்றைக்கோடு:
நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். ஜான் ஸ்டைன்பெக் 1938-ல் 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' எழுதியபோது கூடவே ஒரு டைரியும் வைத்திருந்தார். மே கடைசியில் தொடங்கி அக்டோபரில் நாவலை முடித்துவிட்டார், ஆனால் டைரியைப் படித்தால் தன்மேல் நம்பிக்கையே இல்லாத ஆள் மாதிரி இருக்கும். 1951-ல் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே போய், நோட்டின் இடது பக்கத்தில் தன் பதிப்பாசிரியருக்குக் கடிதம், வலது பக்கத்தில் நாவல். அன்றைய வேலைக்கு முன்னால் கையைச் சூடாக்கிக்கொள்ளத்தான் அந்தக் கடிதம். நீங்கள் எல்லாம் முடிந்து படுக்கப்போகும்போது எழுதுகிறீர்கள், அது அன்றைய தினத்துக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிற மாதிரி. நான் காலையில் அரைப் பக்கம் எழுதுவேன், இன்று எந்தக் காட்சி, அதில் யார் உள்ளே வருகிறார்கள் என்பது மட்டும். மனநிலைக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடையாது.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒரு வரியும் வேண்டாம், எண் போதும். ஆண்டனி டிரோலப் பல வருடம் தபால் துறை வேலையில் இருந்துகொண்டே எழுதியவர், மொத்தம் 47 நாவல். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். நோட்டில் தேதி போட்டு அன்றைக்கு எத்தனை பக்கம் என்று குறிப்பார், எழுதாத நாளும் அதில் பல்லிளித்துக்கொண்டு நிற்கும்.

பழையநோட்டு:
எண்ணெல்லாம் நானும் ஒரு வருடம் எழுதிப் பார்த்தேன் சார், கணக்கைக் காட்டுவதற்காகவே குப்பை எழுதியதுதான் மிச்சம். ஆளுக்கு ஆள் மாறும்.

காஃப்காவின் டைரியில் இன்று எதுவும் எழுதவில்லை என்கிற புலம்பல் நிறைய வரும். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து காலை ஆறு மணிக்கு 'தீர்ப்பு' கதையை ஒரே மூச்சில் முடித்தாரே, அந்தக் கதையும் அதே டைரியில்தான் இருக்கிறது. புலம்பலுக்கும் கதைக்கும் தனித்தனி நோட்டு வைத்துக்கொள்ளவில்லை அவர். (மூன்று நாவலையும் முடிக்காமல் போனவர் என்பதால் இந்த விஷயத்தில் அவரை முழுதாக நம்பவும் தயக்கம்தான்!)

அது இருக்கட்டும், அந்த இரண்டு நோட்டையும் நீங்கள் திரும்பப் படித்தீர்களா? ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் தன் பழைய டைரிகளை எடுத்துப் படிப்பார், அவசரக் கிறுக்கலுக்கு நடுவே உருப்படியான வரிகள் கிடைக்கும் என்று 1919-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

பாதிநாவல்:
படித்ததில்லை. நீங்கள் சொன்ன பிறகு நேற்று ராத்திரி முதல் நோட்டை எடுத்தேன், முக்கால்வாசி எனக்கே சலித்தது, தலைவலியும் சோம்பலும்தான். ஆனால் ஏழாவது அத்தியாயத்தில் நின்ற அந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் தொடர்ந்து ஒரே விஷயம் எழுதியிருக்கிறேன்: அண்ணன் கதாபாத்திரம் ஊர் திரும்பியது எனக்கே பிடிக்கவில்லை, அவன் வந்ததும் மற்றவர்கள் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று. எழுதிவிட்டு மறந்தே போயிருக்கிறேன் பாருங்கள்.

சரி, நாளைக்கு அவனை வரவிடாமல் ஒரு கடிதம் மட்டும் வருகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். காலையில்தான், அரைப் பக்க டைரிக்கு அப்புறம்.