மொரிஸ் மைனரில் ஸ்டீரியோ: ஒயர் எரிந்தது, ஃபியூஸ் எரியவில்லை

கோவை_மைனர்:
1959 மைனர் 1000. ஒயரிங் முழுக்கப் புதுசு, பேட்டரி மட்டும் பழையபடி பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது. ஸ்டீரியோ மூன்று வாரம் நன்றாகப் பாடியது. ஆன்டெனாவை ஃபெண்டரில் வைத்து நட்டை முறுக்கியதும் டேஷ்போர்டுக்கு அடியில் புகை. செட்டின் கறுப்பு ஒயர் முழு நீளத்துக்கும் உருகி, பக்கத்தில் போன பச்சை ஒயரோடு ஒட்டிக் கிடந்தது. சிவப்பு ஒயரில் இருந்த 10 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கம்பி அப்படியே இருக்கிறது. அந்தக் கம்பிதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

காரணம் இதுதான். இந்த வண்டியில் பாடிதான் பாசிட்டிவ். செட்டைப் பூட்டியவர்கள் சிவப்பைப் பாடியிலும், கறுப்பை சோலினாய்டின் (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) பேட்டரி முனையிலும் கொடுத்திருந்தார்கள். செட்டின் தகரக் கூடும் ஆன்டெனா கேபிளின் வலையும் உள்ளுக்குள் கறுப்போடு சேர்ந்தவை. செட் பிளாஸ்டிக் தட்டில் இருந்தவரை தப்பித்தது. ஆன்டெனா பாடியைத் தொட்டதும் நேர் ஷார்ட். கரண்ட் கறுப்பு வழியாகவே போய்விட்டது, சிவப்புப் பக்கம் வரவே இல்லை. கறுப்பில், சோலினாய்டை ஒட்டி ஃபியூஸ் இருந்திருந்தால் ஒயர் பிழைத்திருக்கும்.

லூகாஸ்_மதுரை:
ஒயர் பிழைக்கும், செட் பாடாது. ஆன்டெனா தொடும்போதெல்லாம் ஃபியூஸ் போகும். வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவதுதான் வழி, அரை நாள் வேலை. பேட்டரியைத் திருப்பி வையுங்கள். இரண்டு முனைக்கும் தடிமன் வேறு, கிளாம்பும் மாற்ற வேண்டும். இக்னிஷன் காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று குறித்த இரண்டு முனைகளின் ஒயர்களை இடம் மாற்றுங்கள். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியில், எஃப் (ஃபீல்டு) முனையின் ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவில் இரண்டு மூன்று தரம் தொட்டு எடுங்கள், சின்னப் பொறி வரும். இதை விட்டுவிட்டால் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்து கட்-அவுட் பாயின்ட் கருகும். ஸ்டார்ட்டரும் வைப்பரும் எப்போதும்போல ஓடும். பெட்ரோல் பம்ப் எலக்ட்ரானிக் வகையா என்று மட்டும் பாருங்கள், அது போலாரிட்டி மாறினால் செத்துவிடும்.

பிறகு செட்டின் மஞ்சள் ஒயருக்கு பேட்டரியிலிருந்து தனி லைன்: 2.5 ஸ்கொயர் ஒயர், பேட்டரி முனையிலிருந்து 15 செ.மீ.க்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் புஷ். ஃபியூஸ் காப்பது ஒயரை. டேஷ்போர்டுக்கு அடியில் வைத்தால் அதுவரை வரும் ஒயருக்குக் காவலே இல்லை. சிவப்புக்கு வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் ஏ4 முனையின் பச்சை போதும், அது சாவி போட்டதைச் சொல்கிற சிக்னல் மட்டுமே. இன்னொன்று: லூகாஸ் ஃபியூஸில் 35 என்று இருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே சொருகினால் ஒயர்தான் ஃபியூஸாகும்.

யாழ்_ஏ40:
இரண்டு பேரும் டைனமோவை மறந்திட்டியள். இங்கே ஒரு மைனரில் 4×50 வாட் ஆம்ப் (சத்தத்தைக் கூட்டுற ஆம்ப்ளிஃபையர்) பூட்டியிருந்தது. ஃபியூஸ் எல்லாம் ஒழுங்கு. ஆனால் இரவில சந்தியில நின்றால் ஒவ்வொரு மேள அடிக்கும் ஹெட்லைற் மங்கிச்சுது. லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில தாறது 22 ஆம்பியர், ஐடிலில ஒன்றுமில்லை எண்டே வையுங்கோ. ஹெட்லைற்றுக்கு ஏழு எட்டு, மற்ற லைற்றுகளுக்கு இரண்டு, இக்னிஷனுக்கு மூன்று நாலு, வைப்பருக்கு மூன்று. மிச்சம் ஐந்தாறு. தனிச் செட் எண்டால் காணும். அந்த ஆம்ப் முழுச் சத்தத்தில 25 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு டைனமோவுக்குப் பதிலா கூடக் கரண்ட் தாற ஓல்ரனேற்றர் வேணும். அப்படி மாத்தினால் கட்-அவுட்டுக்குப் போற பழைய பிரவுண் வயரையும் தடிப்பாக்குங்கோ. அது 22க்கு அளந்து போட்ட வயர். மைனரில ஹெட்லைற்றுக்கு ஃபியூஸே இல்லை, அதுக்கும் ரிலேயும் ஃபியூஸும் இப்பவே போட்டு விடுங்கோ.

கோவை_மைனர்:
ஆம்ப் இல்லை, செட் மட்டும்தான். ஒட்டிப்போன பச்சையை முதலில் மாற்றுகிறேன், பிறகு பேட்டரி.