எங்க பேட்டையைப் புதுப்பிக்கக் கருத்து கேக்குறாங்க, என்ன கேக்கலாம்?

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூன்ல இருக்குற எங்க அடுக்குமாடிப் பேட்டைக்கு என்ஆர்பி, அதாவது அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் வருதாம், சீக்கிரமே புளோக்குக்குக் கீழ திறந்த தளமா இருக்குற வாய்ட் டெக்குல கண்காட்சி வெச்சு கருத்து கேப்பாங்களாம். எங்க புளோக்குல நிறைய பேர் வயசானவங்க. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வாக்கர்தான், கீழ இறங்கினா லிஃப்ட் பக்கத்துல இருக்குற கல்மேசையோட சரி, கோப்பிக்கடை ரெண்டே புளோக் தள்ளி இருந்தும் போக மாட்டேங்குறாங்க. வாட்ஸ்அப் குழுவுல ஆளாளுக்கு ஒண்ணு கேக்குறாங்க, ஒருத்தருக்கு உடற்பயிற்சி மூலை, இன்னொருத்தருக்கு பந்து விளையாட கோர்ட், இன்னொருத்தருக்கு கார் நிறுத்த கூடுதல் இடம். இருக்குற ரெண்டு தூங்குமூஞ்சி மரத்தையும் எடுத்துட்டு பெரிய பெவிலியன் கட்டலாம்னு ஒருத்தர் சொல்றார், அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. எல்லாருக்கும் உதவுற மாதிரியும் இந்த வெயிலுக்குத் தாங்குற மாதிரியும் என்ன கேக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வரைபடக்காரன்:
சகோ, நான் கட்டட வடிவமைப்பு வேலையில இருக்கேன். இது வேணும் அது வேணும்னு பொருளா கேக்காதீங்க, வழியைக் கேளுங்க. கண்காட்சிக்கு முன்னாடி அம்மாவோட லிஃப்ட்லேர்ந்து கோப்பிக்கடை வரைக்கும் ஒருதடவை மெதுவா நடந்து பாருங்க. எங்க நிக்குறாங்க, எதைப் பிடிக்குறாங்கன்னு கவனிங்க. சாக்கடை மூடியோட கம்பி இடைவெளியில வாக்கர் கால் மாட்டும், நடைபாதை முடியுற இடத்துல ஒத்தைப் படி இருக்கும், உக்காரலாம்னா சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத கல் ஸ்டூல், அதுல உக்காந்தா அவங்களால தானா எழுந்திருக்க முடியாது. இது மூணும் போதும், ஒரு மனுஷி வீட்டோட முடங்கிப் போக.

சாய்வுப்பாதை கேட்டா அதோட சரிவையும் சேர்த்துக் கேளுங்க, ஒரு அடி உயரத்துக்குக் குறைஞ்சது 12 அடி நீளம் வேணும், அதைவிட செங்குத்தா இருந்தா சக்கர நாற்காலியைத் தள்ளுறவங்க பாடு திண்டாட்டம். 2001ல லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்து எல்லா மாடியிலயும் லிஃப்ட் நிக்க ஆரம்பிச்சது எவ்வளவு பெரிய விஷயம், அந்த வசதி தரையில இறங்கினதும் அறுந்துபோகக் கூடாது. நேரம் கிடைச்சா உட்லண்ட்ஸ்ல கம்போங் அட்மிரல்ட்டியைப் போய்ப் பாருங்க. 2018ல உலகக் கட்டடக்கலை விழாவுல அந்த வருஷத்தோட சிறந்த கட்டடம்னு விருது வாங்கினது, முதியோருக்கு 104 வீடு, கீழ திறந்த திடல், அதுக்கு மேல உணவங்காடி, மருத்துவ நிலையம், அதோட குழந்தைப் பராமரிப்பு நிலையம், உச்சியில தோட்டம். அதே அளவு உங்க பேட்டையில கட்ட முடியாதுதான், ஆனா பாட்டி உக்கார்ற இடமும் பேரன் விளையாடுற இடமும் ஒண்ணையொண்ணு பார்த்த மாதிரி இருக்கணும்ங்கிற யோசனையை எடுத்துக்கலாமே.

துளசிமாடம்:
அந்த மரத்தை மட்டும் விட்றாதீங்க! பெவிலியன் நிழல் கொடுக்கும், ஆனா மரம் கொடுக்குற குளிர்ச்சியைக் கொடுக்காது, அந்தளவு குடை விரிய ஒரு மரத்துக்குப் பல வருஷம் ஆகும். மரம் நிக்குற இடத்துலயே அதைச் சுத்தி பெஞ்ச் கேளுங்க.

இன்னொண்ணு, மழைத்தண்ணி. பீஷான்–அங் மோ கியோ பூங்காவுல 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயா ஓடின காலாங் ஆத்தை வளைஞ்சு ஓடுற 3.2 கிலோமீட்டர் ஆறாவே மாத்தி 2012ல திறந்தாங்க. பெருமழைக்கு ஆத்தோர புல்வெளியில தண்ணி ஏறும், மத்த நாள்ல அங்கேயே குடும்பம் குடும்பமா உக்காந்திருப்பாங்க. நம்ம புளோக் அளவுக்கு ஒரு மழைத்தோட்டம் போதும், தரையைக் கொஞ்சம் பள்ளமாக்கி மணலும் செடியும் போட்டா தண்ணி வடிகட்டி இறங்கும். ஒரு நாளுக்குள்ள தண்ணி வடியுற மாதிரி அமைக்கச் சொல்லுங்க, இல்லன்னா கொசு வந்துடும், டெங்கிப் பயத்துலயே ஆளுங்க எதிர்ப்பாங்க. சமூகத் தோட்டம் போட்டா பாத்திங்க இடுப்பு உயரத்துக்கு இருக்கணும், சக்கர நாற்காலியில இருக்குறவங்களும் கருவேப்பிலை பறிக்கட்டும். கதவுக்குப் பூட்டு போடாம பாத்துக்கோங்க.

ரெண்டு_பையன்_அம்மா:
எல்லாம் சரி, பசங்களை யாருமே நினைக்கலையே. வாய்ட் டெக்குல பந்து விளையாடக் கூடாதுன்னு போர்டு மாட்டிட்டா அவங்க எங்கதான் போவாங்க? கோர்ட் கேக்குறவரை எதிர்க்காதீங்க, இடத்தை மட்டும் மாத்தச் சொல்லுங்க. ரெண்டு புளோக்குக்கு நடுவுல வெச்சா சத்தம் சுவத்துல மோதி மேல வரைக்கும் எதிரொலிக்கும், ஒரே மாசத்துல புகார் போகும். பல மாடி கார்பார்க் பக்கம் தள்ளி வெச்சா தொல்லை குறையும். வாய்ட் டெக்கையும் காலியாவே விடுங்க, மலாய்க் கல்யாணத்துக்கும் நம்ம வீட்டு எழவுக்கும் அந்த வெறும் இடம்தான் உதவுது. அப்புறம் ஞாயித்துக்கிழமை படிக்கட்டுல உக்காந்து சாப்பிடுற பணிப்பெண்களும் இங்கதான் இருக்காங்க, ஓட்டு இல்லாத அவங்களுக்கு நாமதான் நாலு பெஞ்சும் ஒரு தண்ணிக் குழாயும் கேக்கணும்.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பணிப்பெண்கள் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, கண்டிப்பா எழுதுறேன். இதையெல்லாம் கண்காட்சி அன்னிக்கு சொன்னா போதுமா?

வரைபடக்காரன்:
அதுக்கு முன்னாடியே நகர மன்றத்துக்கு எழுதிடுங்க, எந்த புளோக், எந்த இடம்னு படத்தோட. 75 விழுக்காட்டு வீட்டுக்காரங்க சம்மதிச்சாத்தான் வேலை நடக்கும், அதனால ஓட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சொல்ற சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். தமிழோ சீனமோ மட்டும் படிக்கிற பெரியவங்களுக்கு நீங்களே படிவத்தை எடுத்துட்டுப் போய் உக்காந்து நிரப்பிக் கொடுங்க.