எம்எம்540 ஜீப்: பட்டை சேர்த்து உயர்த்துவதா, புதுக் கட்டு போடுவதா?

ஆம்பூர்_ஜீப்:
வண்டி மஹிந்திரா எம்எம்540 ஜீப். நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய கட்டு), அச்சுக்குக் கீழே. ஓடுவது பெரும்பாலும் ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலைக் கல்தடங்களில், மற்றபடி பாலாற்று மணலில். கல்லில் பின் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள கியர் குடம்) இடிக்கிறது. டிரைவர் பக்கம் 20 மி.மீ. தொய்வு வேறு. இப்போது 6.00-16 டயர், 31×10.5 போடுவதற்காக 2 அங்குலம் உயர்த்தலாம் என்று இருக்கிறேன். பட்டறையில் சொல்வது: பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதல், முன்னும் பின்னும் 50 மி.மீ. நீளம் கூடிய ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு). செய்யலாமா? காலி வண்டியில் இப்போதே தூக்கிப் போடுகிறது.

காட்பாடி_பட்டறை:
சார், இடிப்பது டிஃபரன்ஷியல் என்றால் ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அச்சு நிற்பது டயர் மேல். ஸ்பிரிங் தூக்குவது சேசிஸை மட்டும்தான். 6.00-16 டயரின் விட்டம் ஏறத்தாழ 730 மி.மீ., 31 அங்குல டயர் 787. வித்தியாசத்தில் பாதி, அதாவது 28 மி.மீ., அதுதான் டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் லாபம். உயர்த்துவது அந்த டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் தேடுவதற்காக மட்டுமே. அதற்கு எத்தனை அங்குலம் வேண்டும் என்பதை அளந்து முடிவு செய்யுங்கள். 2 அங்குலம் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டை சேர்ப்பதுதான் இதில் மோசமான யோசனை. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 6 மி.மீ. பட்டையைவிட 8 மி.மீ. பட்டை 2.37 மடங்கு விறைப்பு. 6 மி.மீ.யில் ஏழு பட்டை உள்ள கட்டு என்று வைத்துக்கொள்வோம். அதே தடிமனில் இரண்டு சேர்த்தால் சுமார் 29 சதவீதம் விறைப்பு கூடும். லாரிக் கழிவிலிருந்து வெட்டிய 8 மி.மீ. பட்டை இரண்டைச் செருகினால் 68 சதவீதம். தோராயக் கணக்குதான், ஆனாலும் இப்போதே தூக்கிப் போடும் வண்டி என்ன ஆகும் என்று பாருங்கள். கல்தடத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காது. காற்றில் தொங்கிச் சும்மா சுழலும்.

இன்னொன்று. குட்டையான தடித்த பட்டையை நடுவில் வைத்தால், அதன் நுனி எங்கே முடிகிறதோ அங்கேதான் மேலே உள்ள மெல்லிய பட்டை மடங்கும். கொஞ்ச நாளில் சரியாக அந்தக் கோட்டில் மெயின் பட்டை (கட்டின் நீளமான முதல் பட்டை) விரிசல் விடும்.

தொய்வுக்கு: இடது, வலது கட்டுகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொய்வு கூடவே இடம் மாறினால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. அதே பக்கம் நின்றால் சேசிஸையும் ஷேக்கிள் ஹேங்கரையும் பாருங்கள். கட்டைப் பிரிக்கும்போது பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய பட்டையைச் சும்மா அடித்து வளைவு ஏற்றினால் நிற்காது, மறுபடி தொய்யும். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பது அதைவிடக் கேடு. அந்த இடத்தில் டெம்பர் (இரும்புக்குச் சூட்டில் ஏற்றிய பதம்) போய்விடும். செய்வதானால் முழுக் கட்டையும் உலையில் ஏற்றி, எண்ணெயில் குளிர்வித்து, டெம்பர் செய்து தருபவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் எஸ்யூபி9 அல்லது ஈஎன்45 தர ஸ்பிரிங் இரும்பில், பழைய தடிமனிலேயே, 35 முதல் 40 மி.மீ. அதிக வளைவோடு நாலு புதுக் கட்டு. என் கருத்து இதுதான்.

ராணிப்பேட்டை_அலைன்மென்ட்:
மேலே சொன்னது சரி. ஷேக்கிள் பற்றி நான் சொல்கிறேன்.

50 மி.மீ. நீளம் கூட்டினால் வண்டி 25 மி.மீ.தான் உயரும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. இந்த வண்டியில் முன் ஷேக்கிள் இருப்பது ஸ்பிரிங்கின் முன்முனையில். அது 50 மி.மீ. இறங்கினால், கண்ணுக்குக் கண் 900 மி.மீ. சொச்சம் உள்ள ஸ்பிரிங் 3 டிகிரி முன்னால் சாயும். கூடவே அச்சும் சாயும். இந்த ஜீப் வகைக்குக் காஸ்டரே (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) 3 டிகிரி அளவுதான், மொத்தமும் போய்விடும். பிறகு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் 70-ல் போனாலே ஸ்டீயரிங் அலையும், வளைவு முடிந்து தானாக நேராகாது.

சரிசெய்ய அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைக்கலாம். ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் வண்டியின் முன்னோக்கி இருக்க வேண்டும். இது பலருக்கும் தலைகீழாகிவிடுகிறது. அலுமினியம் வேண்டாம், நசுங்கிவிடும், இரும்பு ஆப்பு. அது ஏறிய பிறகும் சென்டர் போல்ட் தலை அச்சுத் துளையில் முழுதாக உட்கார வேண்டும், எட்டவில்லை என்றால் தலை உயரமான போல்ட் போடுங்கள். ஆனால் காஸ்டரை மீட்கும்போது பினியன் (டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து சேரும் கியர்) கீழே சாயும், முன் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் அதிகக் கோணத்தில் வேலை செய்யும். அதனால்தான் நீள ஷேக்கிளே வேண்டாம் என்கிறேன்.

ஆம்பூர்_ஜீப்:
இருவருக்கும் நன்றி. ஷேக்கிள் வேண்டாம், புதுக் கட்டுதான். ஸ்பிரிங்கையே அச்சுக்கு மேலே ஏற்றிவிட்டால் பட்டையைத் தொடாமல் உயரம் கிடைக்குமே, அது எப்படி?

அமிர்தி_தடம்:
தம்பி, அப்படிச் செய்தால் அச்சுக் குழாயின் விட்டமும் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவு, கிட்டத்தட்ட 120 மி.மீ. உயரும். உங்கள் டயருக்கு அது தேவையே இல்லை. ஸ்பிரிங் உட்காரும் புதுப் பேட் வெல்டிங், பினியன் கோணம் மறுபடி வைப்பது, ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க் கம்பியை மேலேற்றுவது, பின் அச்சு முறுக்காமல் இருக்க டார்க் ஆர்ம், எல்லாம் செய்தால்தான் அது வண்டி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் அந்த உயரத்தோடு இறங்க வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். தவிர, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு டயருக்கே செலவு செய்யுங்கள்.

புதுக் கட்டு மாட்டும்போது கட்டை அச்சோடு பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டது மறுபடி பிடிக்காது. 12 மி.மீ., 8.8 தரம் என்றால் 80 நியூட்டன் மீட்டர், நாலு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கவும். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-ல் ஒருமுறை மறு இறுக்கம். யூ போல்ட் தளர்ந்தால் சுமை முழுக்க சென்டர் போல்ட்டுக்குப் போகும். அது வெட்டுப்பட்டால் அச்சு இடம் நகர்ந்துவிடும்.

ரப்பர் புஷ் என்றால் ஷேக்கிள் போல்ட்டை வண்டி தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசி இறுக்கம். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே நின்று கிழியும்.

பிறகு சேசிஸை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு மூன்று இடம் பாருங்கள்: பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் முழு நீளத்துக்குப் போய் முட்டுகிறதா, ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் (நீளம் மாற உள்ளே சறுக்கும் பல் இணைப்பு) பாதிக்கு மேல் உள்ளே இருக்கிறதா. ஹோஸ் இழுபட்டால் நீளமானது போடாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஷாக்குக்கு இரு முனையிலும் 25 மி.மீ. மிச்சம் வேண்டும்.

காட்பாடி_பட்டறை:
பாலாற்று மணல் என்று சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் பூசச் சொல்வார்கள், வேண்டாம். மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் போலத் தேய்க்கும். நுனிகளில் மட்டும் பிளாஸ்டிக் லைனர் வைத்து உலர்வாக விடுங்கள். ஆற்றிலிருந்து ஏறியதும் கட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். கட்டைச் சுற்றியுள்ள கிளாம்ப்பையும் அடித்து நசுக்க விடாதீர்கள். பட்டை உள்ளே நகர ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி வேண்டும்.